முதல் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பும் டிக்கெட் செல்லுமா?

கேள்வி: போக, வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தேன். போகும் விமானத்தைத் தவறவிட்டதால் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். திரும்பும் நாளில் ‘உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது’ என்கிறார்கள். முழுப் பணமும் கட்டிய இருக்கையை எப்படி ரத்து செய்யலாம்?

பதில்: பெரும்பாலான விமான நிறுவனங்களின் பயண நிபந்தனைகளில் இதற்கு இடம் உண்டு. டிக்கெட்டுக்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கூப்பன் இருக்கிறது. அவற்றை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் விமானத்தில் நீங்கள் ஏறவில்லை என்றதும் கணினியில் ‘நோ ஷோ’ என்று பதிவாகும். அந்த டிக்கெட்டில் உங்களுக்கு மிச்சமிருக்கும் விமானங்களின் இருக்கைகள் மறுபடி விற்பனைக்குப் போய்விடும்.

எல்லாம் கட்டணக் கணக்குதான். சில தடங்களில் ஒருவழி டிக்கெட்டைவிட இருவழி டிக்கெட் மலிவு. நேரடியாகப் போவதைவிட நடுவில் விமானம் மாறிப் போவதும் மலிவாக இருக்கும். மலிவு டிக்கெட்டை வாங்கி, தேவையான துண்டை மட்டும் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்கவே இந்த விதி. உண்மையிலேயே தாமதமாக வந்தவரையும் இது சேர்த்துத் தண்டிக்கிறது என்பதால், கொஞ்சம் அடாவடியான விதிதான்.

தப்பிக்க ஒரே வழி, விமானம் புறப்படும் முன்பே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, திரும்பும் பயணத்தை மட்டுமாவது தக்கவைக்கச் சொல்வது. கட்டண வித்தியாசம் கேட்கலாம். சம்மதித்தால் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். புறப்பட்ட பிறகு பேசினால் அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு.

கேள்வி: இரண்டு விமானங்களைத் தனித்தனியாக வாங்கியிருக்கிறேன். இடைவெளி 2 மணி நேரம். முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றுமா?

பதில்: ஏற்ற வேண்டிய கடமை இல்லை. அவர்கள் கணக்கில் நீங்களும் ஒரு ‘நோ ஷோ’தான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் போய்ச் சேரும் ஊர்வரை கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

ஒரே டிக்கெட்டா என்பதை பி.என்.ஆரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 6 எழுத்து பி.என்.ஆர். வெறும் முன்பதிவு எண், ஒரே பி.என்.ஆருக்குள் இரண்டு டிக்கெட்டுகள் இருக்கலாம். ரசீதில் உள்ள 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பாருங்கள். முதல் 3 இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும். எல்லா விமானங்களும் அந்த ஒரே எண்ணின் கீழ் வந்தால் நல்லது. நான்கு விமானங்களுக்கு மேல் போனால் அடுத்தடுத்த எண்களில் இரண்டு டிக்கெட் வரும். அது ஒன்றாகவே கருதப்படும். தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும். அதற்கு, விமானம் மாறும் நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற டிக்கெட்டில் ஒன்றுமே திரும்ப வராதா?

பதில்: நீங்களே ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் போச்சு. பயணம் செய்யாததால் எழாத அரசு வரி, விமான நிலையக் கட்டணங்களைப் பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன. வரிப் பட்டியலில் ‘ஒய்.க்யூ.’, ‘ஒய்.ஆர்.’ என்றிருப்பவை வரி அல்ல, நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். அவை பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்ந்து போய்விடும். நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றிய, அமெரிக்க விதிகளின்படி, மாற்று விமானம் வேண்டாம் என்றால் பணமாகவே கேட்கலாம். வவுச்சரை அவசரப்பட்டு ஏற்காதீர்கள்.

கேள்வி: சர்வதேசப் பயணத்தில் பெட்டி உடைந்து வந்தது. எத்தனை நாளுக்குள் புகார் தர வேண்டும்?

பதில்: சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் பயணம் என்றால், பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்துமூலம். தாமதமாக வந்த பெட்டிக்கு, கிடைத்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே வைத்து இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அவ்வளவும் தானாகக் கிடைக்காது, பில் காட்ட வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். ஆனால் அந்தப் பதிவு மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். கெடுவுக்குள் நிறுவனத்துக்குத் தனியாகக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்.