நட்ட 20 நாளில் சம்பா பயிர் மஞ்சளாகிறது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடலாம்?

யூரியா மூட்டையைப் பிரித்துவிட்டீர்களா? பிரிக்கவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள். எந்த ஊர், எந்த ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. ஐப்பசி மழைத் தண்ணீர் வயலில் நிற்கிறது, நடவுக்கு முன் போடும் அடியுரமாக டிஏபி (மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்) மட்டும் போட்டிருக்கிறீர்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் அப்படித்தான் மாட்டினேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைப் பொன்னி நட்டு, மூன்றாவது வாரம் பயிர் திட்டுத்திட்டாக வெளுத்தது. உரக்கடைக்கு ஓடினேன். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, ஆனால் கூடவே ஒரு நுண்ணூட்டக் குப்பியும் வாங்கினால்தான் மூட்டை என்றார்கள். வாங்கித் தொலைத்தேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை வீசியாயிற்று. களை பறிக்க வந்த ஆச்சி, "பள்ளத்துப் பயிருதானே தம்பி வெளுத்திருக்கு, மேட்டுல பச்சையாத்தானே நிக்குது" என்றார். காதில் வாங்காமல் இன்னொரு மூட்டை வீசினேன். யூரியா மிஞ்சியதில் இலைச்சுருட்டுப் புழு வந்தது, மார்கழியில் ஒரே ராத்திரி மழையில் முக்கால்வாசி வயல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது.

படுத்த பயிரை அறுக்கும் பெல்ட் மிஷின்காரர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். மணிக்கணக்கில் வாடகை, படுத்த பயிர் என்றால் வண்டி ஊர்ந்துதான் போகும், மழை இருட்டினால் தரகர் ரேட்டை ஏற்றுவார், நடுவில் டிரைவருக்கு டீ, பரோட்டா, டீசல் வேறு. சரி, அது வேறு கதை.

ஆச்சி சொன்னதுதான் விஷயம், எந்த இடத்தில் வெளுத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாளைக் காலை வயலில் இறங்கி, வெளுத்த இடத்தில் ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். அடி இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் தழைச்சத்துக் குறை, யூரியா கேட்கிறது. அடி இலையில் துரு தெறித்த மாதிரி பழுப்புப் புள்ளி, இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளிறியிருக்கிறது, தண்ணீர் தேங்கிய இடத்தில்தான் அதிகம் என்றால் பெரும்பாலும் துத்தநாக (ஜிங்க்) சத்துக் குறை. வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால், என்ன போட்டாலும் அந்த வேர் எடுக்காது, முதலில் தண்ணீரை வடியுங்கள். நம் பெரியவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சு, என்றது சும்மா இல்லை.

துத்தநாகம் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து தெளியுங்கள், தேவைப்பட்டால் 15 நாள் விட்டு இன்னொரு தடவை. அடுத்த வருஷம் நடவுக்கு முன்னாலேயே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து வீசிவிடுங்கள், டிஏபியோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

இயற்கை விவசாய நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுகிறவன்தான் நானும், ஆனால் 20 நாள் பயிருக்கு நடுவே போய் அதை விதைக்க முடியாதே. யூரியாவே கூடாது என்றும் சொல்லவில்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துத் தூரில் முழுதாக விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலிலேயே வைத்துப் பாருங்கள். பத்தில் ஆறு இலை வெள்ளைப் பொன்னிக்கு 3க்குக் கீழே, மற்ற நட்ட ரகங்களுக்கு 4க்குக் கீழே இருந்தால் அப்போது யூரியாவை மேலுரமாகப் போடுங்கள்.

அந்த நுண்ணூட்டக் குப்பி இன்னும் எங்கள் கொல்லைச் சாய்ப்பில் மூடி திறக்காமல் கிடக்கிறது.