நீலமாகவே நிற்கும் குப்பி

கேள்வி: செடி வளர்க்கும் மீன்தொட்டியில் காபனீரொட்சைட்டு அளவைக் காட்டும் குப்பியை நானே செய்தேன். உள்ளே ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். எப்போதும் நீலமாகவே நிற்கிறது, ஏன்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பிழை தண்ணீரில்தான், தம்பி. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெட்டியவை. அந்த வன்னீரில், குப்பியில் விடும் நிறங்காட்டியான புரோமோதைமோல் நீலம் இலேசில் பச்சைக்கு வராது. நானும் இப்படி நீலத்தைப் பார்த்து, காபனீரொட்சைட்டு வாயு குறைவென்று நம்பி, அதைக் கூட்டிக்கொண்டே போய், மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்ததைக் கண்டேன். இன்றும் மனம் வலிக்கிறது. முதலில் வாயுவைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், 1 லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 1.2 கிராம் அப்பச்சோடா கரையுங்கள். அதில் 100 மில்லிலீற்றர் எடுத்து, 900 மில்லிலீற்றர் வடித்த நீர் சேருங்கள். குப்பிக்குள் நிறங்காட்டியோடு ஊற்ற இதுதான் வேண்டும். தொட்டி நீர் இதில் கலக்கக்கூடாது, இடையில் காற்று நிற்கவேண்டும். பச்சை என்றால் தொட்டி நீரில் வாயு சுமார் 30 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 30 பங்கு); மஞ்சள் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம்கூடப் பிடிக்கும், அவசரப்பட்டு வாயுவைத் திறக்காதீர்கள்.