விலங்கியல் படித்தவர் நீர்த்துறையில் முதுநிலை படிக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறேன். வயது 36, நிரந்தரவாசி. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். இங்கே ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 8 ஆண்டுகளாக வேலை. மேல்படிப்பு இல்லாததால் மேற்பார்வையாளர் நிலையைத் தாண்ட முடியவில்லை. நீர்வாழ் உயிரியல் படிப்பதா, நீர் மேலாண்மை படிப்பதா? பிஎச்டி பற்றியும் யோசிக்கிறேன். மகன் தொடக்கநிலை ஒன்றில் இருக்கிறான். வேலையை விட முடியாது.

பதில்: இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே படிப்பின் இரண்டு பெயர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒன்று நீர்த்தேக்கத்தில் உயிரோடு கிடக்கும் தண்ணீரைப் பற்றியது, மற்றது குழாயிலும் தொட்டியிலும் ஓடும் தண்ணீரைப் பற்றியது. ஆசிரியர்கள், கருவிகள், வேலை தருபவர்கள் எல்லாமே வேறு.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர்ப் பிடிப்புப் பகுதி. உங்கள் புளோக்கின் கூரையில் விழும் மழை கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களில் ஒன்றுக்குப் போகிறது. போகும் வழியில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அள்ளிக்கொண்டு போகிறது. வருடம் முழுக்க வெயில் வேறு. பாசிக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? சில நீலப்பச்சைப் பாசிகள் விடும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், மண்வாசனையாக. பிடோக், பண்டான் நீர்த்தேக்கங்களின் அருகில் குடியிருப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வரும் கடிக்காத சின்னப் பூச்சிகளால் அவதிப்பட்டது நினைவிருக்கலாம். அதன் புழு அடிமண்ணில் வளர்கிறது. இதெல்லாம் விலங்கியல் படித்தவரின் களம். தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையிலும் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகத்திலும் இந்த ஆய்வுகள் நடக்கின்றன. செயின்ட் ஜான்ஸ் தீவின் கடல் ஆய்வகமும் இதே துறைதான்.

ஆனால் அங்கே முதுநிலை என்றால் பெரும்பாலும் ஆய்வுப் படிப்பு. விடிகாலையில் படகில் மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். வேலையையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இது நடக்காது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது நீர் மேலாண்மை, அதாவது பொறியியல் பக்கம். தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ்சி. உண்டு, பகுதிநேரமாகவும் படிக்கலாம். "நான் பொறியாளர் இல்லையே" என்பீர்கள். ஒரு காட்சி சொல்கிறேன்.

பயன்படுத்திய நீரை மறுபடி சுத்தமாக்கும் புதுநீர் ஆலைகளில் இருப்பதுபோன்ற எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்ஓ) சவ்வு, அதாவது அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் வடிகட்டி, 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்ட ஓர் உருளை. அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் அதைக் கழற்றி, வெளி உறையை நீளவாக்கில் அறுத்து, சுருட்டிய பாயை விரிப்பதுபோல் விரித்துப் பார்ப்பார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது பிளாஸ்டிக் வலைக்குள் பழுப்பாக ஒரு கொழகொழப்பு, தொட்டால் விரலில் இழுத்துக்கொண்டு வந்தது. ஊர்க்குளத்துப் படிக்கட்டு வாடை. சுற்றி நின்ற பொறியாளர்கள் பம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொழகொழப்பு நுண்ணுயிர்கள் கட்டிய வீடு. எது அங்கே குடியிருக்கிறது, எதைத் தின்று வளர்கிறது, குளோரமின் என்ற கிருமிநாசினி கொடுத்தும் ஏன் சாகவில்லை என்று கேட்கத் தெரிந்த ஆள் அந்த அறையில் இல்லை. உங்களுக்கான இடம் அதுதான் என்பது என் கணிப்பு: பொறியியல் படிப்பு, உயிரியல் கண்.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, உங்கள் பட்டம் மூன்றாண்டுப் பட்டம். இங்கே முதுநிலைக்குப் பொதுவாக ஹானர்ஸ் (பெரும்பாலும் நான்காண்டுச் சிறப்புப் பட்டம்) அல்லது அதற்குச் சமமான பட்டம் கேட்பார்கள், துறையும் பொருந்த வேண்டும். 8 ஆண்டு ஆய்வக அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.

மற்றது கணக்கு. சவ்வுக்குள் 100 கனமீட்டர் போய் 75 சுத்த நீராக வெளியே வந்தால், மீதி 25-இல் உப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். 1,000 கனமீட்டர் தொட்டிக்கு மணிக்கு 250 வந்தால் தண்ணீர் சராசரியாக 4 மணி நேரம் தங்கும். இந்த அளவு வாயிலேயே வர வேண்டும், அதற்கு மேல் வகையீடும் தொகையீடும். நான் பகுதிநேரமாகப் படித்தபோது முதல் பருவத்தில் நீரியக்கவியலில் தோற்றேன். பத்து வருடமாகக் கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை. அதனால் இந்த வருடம் விண்ணப்பிக்காதீர்கள். ஓராண்டு கணக்கைத் தேற்றிக்கொண்டு, அப்புறம் போடுங்கள்.

அந்த ஓராண்டில் குறுகிய பயிற்சி ஒன்றும் எடுக்கலாம். தேசிய நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் சிங்கப்பூர் நீர்க் கழகத்தில் பயிற்சிகள் உண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தேடிப் பாருங்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடிமக்களுக்கு மட்டும்தான், உங்களுக்குக் கிடையாது. ஆனால் பல குறுகிய படிப்புகளின் கட்டண மானியம் நிரந்தரவாசிகளுக்கும் கிடைக்கிறது. பலர் இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள்.

நீர்க் கொள்கை என்று ஒரு மூன்றாவது வழியும் இருக்கிறது. லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியில் அதற்கென ஒரு கழகமே உண்டு. ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க அனுமதிக்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்கு அப்புறம் என்ன, தண்ணீருக்கு என்ன விலை வைப்பது, இந்த மாதிரிக் கேள்விகள். சுவையான துறைதான், ஆனால் ஆய்வகத்திலிருந்து அங்கே தாவ வேண்டுமென்றால் முதலில் அரசாங்க வேலைக்குள் போயாக வேண்டும்.

பிஎச்டிக்கு 36 ஒரு வயதே இல்லை. முழுநேரமாகச் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்கலாம். ஆனால் ஏறக்குறைய நான்கு வருடம். உங்களைத் தூங்கவிடாத ஒரு கேள்வி இருந்தால் போங்கள். பதவி உயர்வுக்காகப் போகாதீர்கள்.

வேலை என்றதும் எல்லாரும் பொதுப் பயனீட்டுக் கழகத்தைத்தான் நினைக்கிறார்கள். மின்சில்லு ஆலைகளையும் பாருங்கள். அவர்களுக்கு மிகத் தூய நீர் வேண்டும், அந்த ஆலைகளில் ஒரு நுண்ணுயிர்ப் பிரச்சினை வந்தாலே உற்பத்தி ஆட்டம் காணும்.

கடைசியாக ஒரு வேலை. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் வகுப்புக்குப் போவதுபோலவே கிளம்புங்கள். செங்காங்கிலிருந்து சிராங்கூனில் மாறினால் வட்ட ரயில்பாதையில் கென்ட் ரிட்ஜ் வந்துவிடும். நன்யாங் என்றால் பயனியர் வரை போய் அங்கிருந்து 179 பேருந்து. இரவு ஒன்பதரை வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புங்கள். வீடு வந்து சேரும்போது மணி என்ன, மகன் தூங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்யுங்கள்.