ஆடி முடித்தவர் அடுத்து எதை வாசிப்பது? கேள்வி பதில்

"இந்த ஆட்டம் முடிந்துவிட்டது, இதைப் போல வாசிக்கவோ பார்க்கவோ என்ன இருக்கிறது?" என்ற கேள்வி கணினி ஆட்டம் ஆடும் நம் நண்பர்களிடமிருந்து ஓயாமல் வருவதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டுமே பதில் தருகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: எந்தப் புத்தகமானாலும் முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள். பழைய நாவல்களின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதுபவர்களில் பலர், வாசகருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்று எண்ணிக்கொண்டு முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: 'விட்சர்' மூன்றாம் பாகத்தை இரண்டு முறை முடித்துவிட்டேன். புத்தகங்களை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும்? 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' தான் முதல் நாவல் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அந்த உண்மையை நம்பித் தொடங்கினால், ஐம்பதாவது பக்கத்தில் "யார் இந்தச் சிறுமி, நாயகன் கெரால்ட் ஏன் இவளுக்காக இவ்வளவு தவிக்கிறான்?" என்று விழிப்பீர்கள். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி, 'ஃபன்டாஸ்டிகா' என்ற இதழின் போட்டிக்கு எழுதி, 1986-இல் அதில் வெளிவந்த சிறுகதையில்தான் கெரால்ட் பிறந்தான். அந்தக் கதைக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. பிறகு வந்த சிறுகதைகள் 'தி லாஸ்ட் விஷ்', 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' என்ற இரு தொகுப்புகளாயின. அந்தச் சிறுமி சிரியைக் கெரால்ட் முதன்முதலில் சந்திப்பது இரண்டாவது தொகுப்பில். ஐந்து நாவல்களும் அதன் தொடர்ச்சியாகவே நகர்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'தி லாஸ்ட் விஷ்' 2007-இலும் 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' 2008-இலும் வந்துவிட, இடையில் இருக்க வேண்டிய 'சோர்ட் ஆஃப் டெஸ்டினி' 2015-இல்தான் வந்தது. ஆங்கிலம் வழியாக வாசித்த ஒரு தலைமுறையே நடுப்படியைத் தாண்டிக் குதித்தது. ஆகவே இரண்டு தொகுப்புகள், பிறகு ஐந்து நாவல்கள், 2013-இல் வந்த 'சீசன் ஆஃப் ஸ்டார்ம்ஸ்' கடைசியாக. ஆட்டங்கள் மூன்றும் நாவல்களின் தழுவல்கள் அல்ல, அவை முடிந்த பிறகு நடப்பவை என்பதால், ஆடியவருக்கு நாவலின் சில திருப்பங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அது பெரிய இழப்பில்லை. முதல் ஆட்டத்தின் தொடக்கக் காட்சியில் கெரால்ட் ஒரு பேயுருவோடு இரவு முழுவதும் மல்லுக்கட்டுகிறானே, அதுதான் அந்த 1986-ஆம் ஆண்டுச் சிறுகதை.

கேள்வி: 'சைபர்பங்க் 2077' ஆடியவருக்கு என்ன பரிந்துரைப்பீர்கள்? 'பிளேடு ரன்னர்' பார்த்தாயிற்று.

பதில்: எந்த 'பிளேடு ரன்னர்' என்பதைச் சொல்லவில்லையே. 1982-இல் திரையரங்குகளில் ஓடிய வடிவத்தில் நாயகனின் குரலில் விளக்கவுரை ஓடிக்கொண்டே இருக்கும். 2007-இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட் தம் விருப்பப்படி செம்மைப்படுத்திய வடிவத்தில் அந்தக் குரல் இல்லை, மழையும் விளம்பர வெளிச்சமும்தான் பேசும். முன்னதைப் பார்த்திருந்தால் பின்னதை ஒருமுறை பாருங்கள்.

நாவலில், வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984). கிப்சன் எதையும் நின்று விளக்க மாட்டார் என்பதால் பலர் இந்த நாவலைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. ஆட்டத்தில் பிறர் கணினிக்குள் நுழையும்போது எதிர்ப்படும் 'ஐஸ்' என்ற தடுப்பு என்னவென்று உங்கள் விரல்களுக்கே தெரியும். அந்தச் சொல் இந்த நாவலால்தான் பரவியது. இந்த ஆட்டத்துக்கு மூலம், மைக் பாண்ட்ஸ்மித் 1988-இல் வெளியிட்ட, தாளும் பகடையும் கொண்டு ஆடும் விளையாட்டு. அதன் பின்னால் இருக்கும் நாவல்களில் முக்கியமானது வால்டர் ஜான் வில்லியம்ஸின் 'ஹார்ட்வயர்டு' (1986). கிப்சனைவிட எளிதாக ஓடும், துப்பாக்கிச் சத்தமும் அதிகம்.

கேள்வி: 'டியூன்' படங்கள் இரண்டையும் பார்த்துவிட்டேன். நாவலையும் வாசிக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். முதல் நாவல் (1965) போதும். பிடித்திருந்தால் இரண்டாவதையும் வாசியுங்கள். படை திரட்டி ஆடும் ஆட்டங்களில் வண்டியை அனுப்பி வளம் அள்ளிவரும் பழக்கம் 1992-இல் வந்த 'டியூன் 2' ஆட்டத்தால் வேரூன்றியது. அந்த வண்டி அங்கே அள்ளியது வேறொன்றுமல்ல, நாவலில் வரும் ஸ்பைஸ் என்ற அரிய பொருள்தான்.

கேள்வி: இவற்றையெல்லாம் ஓட்ட எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: புத்தகத்துக்கு மேசை விளக்கு போதும். கார்டு பற்றி வன்பொருள் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' ஆடி முடித்தேன். அந்த வெறுமையும் அச்சமும் வேறு எதிலாவது கிடைக்குமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அர்காதி, போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் 1972-இல் வெளியிட்ட 'ரோட்சைடு பிக்னிக்' என்ற சிறிய நாவலை உடனே எடுங்கள். வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து, யாரையும் ஏறிட்டும் பாராமல் போய்விட்டார்கள். அவர்கள் தங்கிய இடம் இப்போது ஒரு தடைசெய்யப்பட்ட மண்டலம். சாலையோரம் காரை நிறுத்திச் சாப்பிட்டவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்க் கறையையும் காலிப் புட்டிகளையும் புல்லிலுள்ள பூச்சிகள் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் நாம் இந்தப் பொருள்களைப் பார்க்கிறோம் என்று நாவலில் ஓர் அறிவியலாளர் சொல்கிறார். தலைப்புக்கும் அதுவே பொருள். உள்ளே திருட்டுத்தனமாக நுழைந்து பொருள்களை எடுத்துவந்து விற்பவர்களே ஸ்டாக்கர்கள்.

முதல் அத்தியாயத்தில் ரெட்ரிக் என்ற ஸ்டாக்கர் சட்டைப்பையிலிருந்து இரும்பு நட்டுகளை எடுத்து முன்னால் எறிந்து பார்த்தபடி நகர்கிறான். நட்டு ஒழுங்காக விழுந்தால் வழி உண்டு. பாதி தூரம் சரியாகப் பறந்த ஒரு நட்டு, யாரோ பிடித்து இழுத்தாற்போலப் பக்கவாட்டில் திரும்பிக் களிமண்ணுக்குள் புதைந்துபோகிறது. அங்கே கால் வைத்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஆட்டத்தில் நீங்கள் எறிந்த போல்ட்டு இந்த நட்டின் வாரிசு.

2012-இல் வந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பையே வாங்குங்கள். சோவியத் தணிக்கை வெட்டியவை அதில் திரும்பி வந்திருக்கின்றன. தணிக்கையோடு நடந்த நெடும் போராட்டத்தைப் பற்றிப் போரிஸ் எழுதிய பின்னுரையும் உண்டு. முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள்.

கேள்வி: ஐயா, மறுக்கிறேன். அந்த ஆட்டம் சோவியத் இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' திரைப்படத்தின் தழுவல். பெயரே அதைத்தான் சொல்கிறது. நாவலுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

பதில்: பெயரை வைத்து வழக்கை முடிக்க முடியாது, நண்பரே; 'ஸ்டாக்கர்' என்ற சொல்லே நாவலிலிருந்துதான் படத்துக்குப் போனது, படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களும் அதே சகோதரர்கள்தான். 1979-இல் வந்த அந்தப் படத்தில் ஸ்டாக்கர் எதையும் திருடி விற்பவன் அல்ல. ஓர் எழுத்தாளரையும் ஒரு பேராசிரியரையும், ஆசையை நிறைவேற்றும் ஓர் அறைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி, ஏறத்தாழ ஒரு பூசாரி. ஆட்டத்தில் நீங்கள் செய்வது என்ன? விபரீதப் பொருள்களைப் பொறுக்கி, வியாபாரியிடம் விற்று, அந்தக் காசில் நல்ல துப்பாக்கி வாங்குகிறீர்கள். அது முழுக்க முழுக்க நாவலின் வாழ்க்கை. துருவும் ஈரமும் புல் முளைத்த தொழிற்சாலையும் படத்தைச் சேர்ந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: ஆனால் ஆசையை நிறைவேற்றும் இடம் ஆட்டத்தின் இறுதியில் வருகிறதே! அது படத்தின் அறைதானே?

பதில்: நாவலில் அது ஒரு பொன்னிற உருண்டை, படத்தில் ஓர் அறை, ஆட்டத்தில் ஒரு பெருங்கல். மூன்றில் மூத்தது உருண்டை. நாவலின் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு வந்து என்னோடு சண்டையிடுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது.

கேள்வி: நான் உங்கள் பக்கம். படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன், அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. இதற்குப் போய் இவ்வளவு விவாதமா?

பதில்: இப்போது நான் கட்சி மாற வேண்டியிருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் பார்த்தால் யாருக்கும் தூக்கம் வரும். மூவரும் சிறு தண்டவாள வண்டியில் ஏறி மண்டலத்துக்குள் போகும் காட்சியை மட்டுமாவது இருட்டறையில், நல்ல ஒலியோடு பாருங்கள். பல நிமிடங்களுக்கு முகங்களையும் பின்தலைகளையும் தவிர வேறு எதையும் காட்ட மாட்டார்கள். சக்கரத்தின் கடகட ஓசை மெல்ல மெல்லத் திரிந்து இசையாகிவிடும். எப்போது மாறியது என்று உங்களால் சொல்ல முடியாது. அதுவரை பழுப்பாக இருந்த படம் அடுத்த காட்சியில் பச்சையாகத் திறக்கும். ஆட்டம் தொடங்கக் காத்திருக்கும் லோடிங் திரையை வெறித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த கேமர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதியை எடுத்து முடித்த பிறகு, ஆய்வகத்தில் படச்சுருள் பாழாகி, வேறு ஒளிப்பதிவாளரோடு மறுபடியும் எடுத்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். சேவ் கோப்பு அழிந்தால் நாம் படும் பாடு எந்த மூலைக்கு!

கேள்வி: செர்னோபில் விபத்தை வைத்துத்தானே நாவலையும் படத்தையும் எடுத்தார்கள்?

பதில்: இல்லை. விபத்து 1986 ஏப்ரல் 26-இல் நடந்தது. நாவல் 1972, படம் 1979. படம் எஸ்தோனியாவில் தாலின் நகரை ஒட்டி எடுக்கப்பட்டது. கற்பனை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். பின்னாளில் செர்னோபில் மண்டலத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் தங்களை ஸ்டாக்கர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். 2007-இல் கீவ் நகரத்து நிறுவனம் ஒன்று இவை அனைத்தையும் சேர்த்து ஆட்டமாக்கியது.

கேள்வி: விட்சர் புத்தகங்களை எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: 'மெட்ரோ 2033' நாவல் ஆட்டத்தைவிட நன்றாக இருக்குமா? இலவச பிடிஎஃப் கிடைக்குமா?

பதில்: பிடிஎஃப் கேட்பவர்களுக்கு நான் வழிகாட்டுவதில்லை, இருந்தாலும் திமித்ரி குளுகோவ்ஸ்கி இந்த நாவலை முதலில் இணையத்தில் தாமே இலவசமாகத்தான் வெளியிட்டார், 2005-இல்தான் அது அச்சுக்கு வந்தது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் சுரங்க ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி நாடாகிவிட்டன, தோட்டாதான் நாணயம். ஆட்டத்தில் நல்ல தோட்டாவைச் சுடும்போது 'காசைச் சுடுகிறோமே' என்று கை நடுங்குமல்லவா, அந்தக் கணக்கு நாவலிலிருந்து வந்தது. நாவலில் சண்டை குறைவு, நிலையத்துக்கு நிலையம் பேச்சு அதிகம். எனக்கு அதுவே பிடித்தது.

கேள்வி: 'எல்டன் ரிங்', 'டார்க் சோல்ஸ்' பிரியன் நான். கதையை யாரும் சொல்லாமல், நானே பொறுக்கிச் சேர்க்கும் அனுபவம் நாவலில் சாத்தியமா?

பதில்: நல்ல கேள்வி, 'எல்டன் ரிங் மாதிரி டிராகன் கதை' என்று கேட்காமல், ஆட்டம் உங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் இயக்குநர் ஹிதேதாகா மியாசாகி, சிறு வயதில் தம் ஆங்கில அறிவுக்கு மீறிய மாயக்கதைகளை வாசித்து, புரியாத இடங்களைப் படங்களை வைத்துக் கற்பனையால் நிரப்பியதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஓட்டைகளைத்தான் அவர் நமக்கும் கொடுக்கிறார். ஜீன் உல்ஃபின் 'தி புக் ஆஃப் தி நியூ சன்' (1980 முதல் 1983 வரை, நான்கு பாகங்கள்) அதே வகை. சூரியன் மங்கிவரும் எதிர்காலத்தில், சித்திரவதைக்காரர் சங்கத்தில் வளர்ந்த செவேரியன், தனக்கு எதுவும் மறக்காது என்று சொல்லிக்கொண்டே கதை சொல்கிறான். அவனை நம்பலாமா என்பது உங்கள் பாடு. ஆட்டத்தின் பெரிய வாளுக்கு மூலம் தேடினால், கென்டாரோ மியூராவின் 'பெர்செர்க்' என்ற மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இருக்கிறது. கொடூரம் மிகுதி, சிறுவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகள் எப்போதும் மாயாஜால ஆட்டங்களே ஆடுகிறாள். ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

பதில்: உர்சுலா லெ குவினின் 'எ விசார்டு ஆஃப் எர்த்சீ' (1968). ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தால்தான் அதன்மேல் மந்திரம் செல்லும் என்பதே அந்த உலகத்தின் விதி. ஆட்டம் ஆடும் பிள்ளைகள் விதிகளைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: செத்துச் செத்து மறுபடியும் அதே கட்டத்தில் தொடங்குவதையே கதையாக்கியவர் உண்டா?

பதில்: ஹிரோஷி சகுராசாகாவின் 'ஆல் யூ நீட் இஸ் கில்' (2004). ஆட்டத்தில் தோற்று, மறுபடி தொடங்கிக் கற்றுக்கொள்வதே அதற்கு விதை. 2014-இல் 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' என்ற படமானது. முடிவு இரண்டிலும் வேறு. நாவலின் முடிவே நேர்மையானது.

கேள்வி: தமிழில் எதுவும் இல்லையா?

பதில்: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அடையாள எண்ணும் அரசு அனுமதியும் இன்றி மூச்சுவிட முடியாத நாடு, காணாமற்போன கணவன், புத்தகம் வாசிக்கும் இயந்திர நாய்க்குட்டி ஜீனோ. 'சைபர்பங்க்' கேட்ட நண்பருக்கும் இதையே சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: விட்சர், 'பிளட் ஆஃப் எல்வ்ஸ்' மட்டும்தான் எங்கள் நூலகத்தில் இருக்கிறது. தொகுப்புகள் இரண்டும் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதையே தொடங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வேண்டாம். ஒரு மாதம் காத்திருங்கள். அதே அலமாரியில் 'ரோட்சைடு பிக்னிக்' இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய புத்தகம், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். முன்னுரையை மட்டும் கடைசியில்.