மூச்சை எண்ணுங்கள், செட் வாங்காதீர்கள்

கேரள எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மூன்று வயது மகளுக்கு அடிக்கடி சளி, காய்ச்சல். வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிக் கோவைக்கு ஓடுவதா, வீட்டிலேயே பார்ப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். சாதா சளியா, நிமோனியாவா, டெங்குவா என்று அறிகுறியை வைத்து நானே கண்டுபிடிக்கப் பழகலாமா?"

நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை டாக்டர்களான எங்களிடம் விடுங்கள். காய்ச்சலின் முதல் இரண்டு நாள் எங்களுக்கே பல நேரம் பெயர் பிடிபடாது. உடனே கிளம்புவதா, நாளை வரை பொறுக்கலாமா என்பதை மட்டும் பழகினால் போதும்.

மகள் அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்து முழுதாக எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது. அவள் வயதுக்கு 40-ஐத் தொட்டால் அன்றே டாக்டர். மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணவே வேண்டாம், வண்டியை எடுங்கள். வலிப்பு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, குடிக்க முடியாமை, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, எல்லாவற்றுக்கும் அதேதான். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாகும் நேரத்தில்தான் டெங்கு வேலையைக் காட்டும்: வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால்.

இதையெல்லாம் கெடுப்பது மெடிக்கல் ஷாப் 'செட்'. வயதை மட்டும் கேட்டு, காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அதுதான். அதில் பல நேரம் ஒரு ஸ்டீராய்டு துண்டு இருக்கும். காய்ச்சல் மாயமாய் இறங்கும், குழந்தை எழுந்து விளையாடும், உள்ளே நோய் வளரும். மூன்றாம் நாள் என்னிடம் வரும்போது அறிகுறி எல்லாம் அழிந்திருக்கும். என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை". கையோடு இருமல் சிரப் ஒன்றும் தலையில் கட்டுவார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற நச்சு சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானதுதான். அப்புறம்தான், ஐந்து வயதுக்குள் பொதுவாக இருமல், சளி மருந்துகளே வேண்டாம் என்று மத்திய அரசு எச்சரித்தது. கடைகளில் யார் போய்ப் பார்க்கிறார்கள்? எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தைக் கைகாட்டுகிறார்கள்.

வீட்டில் பாராசிட்டமால் வைத்திருங்கள். ஆனால் அளவு எடைக்குத்தான், வயதுக்கு இல்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் 250 உள்ள பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலிருக்கும். லேபிளைப் படியுங்கள்.

நாளை வரை பொறுக்கலாம் என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பொருந்தாது. அடுத்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. பால் குடிக்கிறதே, சிரிக்கிறதே என்று பார்க்காதீர்கள். கிருமி ரத்தத்தில் பரவினாலும் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலே வராது, உடம்பு குளிர்ந்து பால் மறுக்கும். அதுவும் அவசரம்தான். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிப் போகாதீர்கள், பாட்டி சொன்னாலும்.

வரும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டை, எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று எழுதிய தாள், எல்லாம் கொண்டுவாருங்கள். ஒரு மாநிலத்து ரத்தப் பரிசோதனையை மறு மாநிலத்தில் மதிக்காமல் மறுபடி ஊசி குத்துவார்கள். பழைய பரிசோதனைத் தாளைக் காட்டி, ஏன் என்று கேளுங்கள்.