கதிர் அழகுதான், விதை எங்கே போகிறது?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பு நர்சரியில் ஒரு ஃபவுண்டன் கிராஸ் வாங்கி வாசல் ஓரம் வைத்தேன். இளஞ்சிவப்புக் கதிர்கள் காற்றில் ஆடுவதைப் பார்த்து, வருகிறவர்கள் எல்லாம் பெயர் கேட்கிறார்கள். தண்ணீர்கூட அதிகம் ஊற்ற வேண்டாம். ஆனால் இப்போது நடைபாதைக் கல் இடுக்கிலும் மதில் ஓரத்திலும் குட்டிக் குட்டியாக முளைக்கிறது. பரவி நாசம் செய்கிற புல், பிடுங்கிப் போடு என்கிறாள் தோழி. பூத்ததும் கதிரை வெட்டிவிட்டால் போதாதா? பக்கத்து வீட்டு அக்கா வேறு ஒரு தூர் கேட்டு வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், கொடுக்காதீர்கள். அக்காவை எப்படிச் சமாளிப்பது என்று அப்புறம் பார்ப்போம்.

தோழி சொன்னது சரி. உங்கள் வாசலில் இருப்பதன் தாவரவியல் பெயர் பெனிசெட்டம் செட்டேசியம். இப்போது அதில் பெனிசெட்டத்தை சென்க்ரஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். லேபிளில் எது இருந்தாலும் ஆள் ஒன்றுதான். வட ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்த புல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக ஹவாய்த் தீவுகளுக்குப் போனது. இன்று அங்கே எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை வெளியில்கூட அதுதான் நிற்கிறது. பரவியதைவிடப் பெரிய தொல்லை, தீ. காய்ந்த தோகை சட்டென்று பற்றிக்கொள்ளும். உள்ளூர் மரங்கள் கருகிப்போக, புல் மட்டும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடுத்த தீக்கு விறகும் அதுவே. ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே தலைவலி. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பதையும் வளர்ப்பதையும் தடுத்துவிட்டது.

ஒரே ஒரு செடிதானே என்று நினைப்பீர்கள். இந்தப் புல்லுக்கு ஒன்றே போதும். கருவுறாமலே விதை கட்டும் இனம் இது, துணைக்கு இன்னொரு செடி தேவையில்லை. அப்படி விழும் விதை மண்ணில் ஆறேழு வருடம்வரை உயிரோடு கிடக்கும். கல் இடுக்கில் முளைப்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், பிடுங்கவும் செய்வீர்கள். எனக்குக் கவலை, நீங்கள் பார்க்காத விதைகளைப் பற்றித்தான். சுணையோடு காற்றில் பறந்தது, மழைத்தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போனது, நாயின் ரோமத்திலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டியது. அதையெல்லாம் பிடுங்க அங்கே யாரும் இல்லை.

சரி, கதிரை வெட்டினால் போதாதா? நானும் இரண்டு வருடம் அப்படித்தான் சமாளித்தேன். கொஞ்ச நாள் ஆடட்டுமே, பிறகு வெட்டலாம் என்று தள்ளிப்போட்டு, ஒரு நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் கத்தரித்து, மனசாட்சி சுத்தமாக உரக்குழியில் போட்டேன். அந்த உரத்தை அடுத்த பருவத்தில் எல்லாப் பாத்திக்கும் என் கையாலேயே இறைத்தேன். மிளகாய்ப் பாத்தியில் வரிசை கட்டி முளைத்தபோதுதான் செய்த காரியம் புரிந்தது. வீட்டு உரக்குழியின் சூடு எல்லா விதையையும் கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது.

இப்போதே போய் ஒரு கதிரைப் பாருங்கள். இரண்டு விரலால் அடியில் பிடித்து நுனிவரை உருவுங்கள். பஞ்சு மாதிரி கையோடு வந்துவிட்டால் விதை முற்றிவிட்டது, உதிரவும் தொடங்கிவிட்டது. வெட்டுவதென்றால் கதிர் தோகையை விட்டு வெளியே தலை நீட்டும்போதே வெட்ட வேண்டும். ஆனால் அந்தக் கதிருக்காகத்தானே செடியே வைத்தோம்! அது விரிவதற்கு முன்பே, பருவம் முழுக்க, ஒன்று விடாமல் வெட்டிக்கொண்டிருப்பதில் என்ன சுகம்? ஒரு வாரம் வெளியூர் போனால் முடிந்தது கதை.

ஆகவே எடுத்துவிடுங்கள். நல்ல வேளையாக, இது அருகம்புல் மாதிரி மண்ணுக்கடியில் ஓடிப் பரவுவதில்லை. ஒரே குத்தாக நிற்கும், தூரைப் பெயர்த்தால் தீர்ந்தது. காற்றில்லாத காலை நேரமாகப் பாருங்கள். முதலில் கதிர்களின் மேல் பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, பையின் வாய்க்குக் கீழே வெட்டுங்கள். அப்படியே இறுக்கிக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். பிறகு தோகையைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டு, சுற்றிலும் மண்ணைக் கிளறிக் கடப்பாரையால் தூரை நெம்புங்கள். மூன்று வயதுத் தூர் சுலபத்தில் அசையாது, ஆள் துணை வைத்துக்கொள்ளுங்கள். தூரின் துண்டு மண்ணில் நின்றுவிட்டால் மறுபடி துளிர்க்கும். கொளுத்திவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஹவாய்க் கதையைச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் செருப்பையும் உடையையும் அங்கேயே உதறுங்கள், சுணையில் விதை ஒட்டியிருக்கும்.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் பின் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சுற்று. குட்டிகள் இரண்டு விரலுக்கே வந்துவிடும். இதைப் பல வருடம் விடாமல் செய்ய வேண்டும்.

அந்த இடம் வெறிச்சென்று தெரியும், மறுக்கவில்லை. அதே சாயலில் செம்மதுநிற இலையோடு 'ரூப்ரம்' என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் விதை பிடிக்காது. அதைத் தனி இனமாகவே தாவரவியலாளர்கள் பார்க்கிறார்கள். ஆனால் நர்சரியில் இரண்டும் ஒரே பெயரில் நிற்பதுண்டு, இலை பச்சையாக இருந்தால் தொடாதீர்கள். என்னைக் கேட்டால் வெட்டிவேர் வைப்பேன். நடவுக்குப் பயன்படும் பல ரகங்கள் முளைக்கிற விதை தருவதில்லை, மண்ணையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இளஞ்சிவப்புக் கதிருக்கு ஈடாகுமா என்றால், ஆகாது.

அக்காவிடம் கல் இடுக்கைக் காட்டுங்கள். முளைத்ததில் நாலை அவரையே பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், தூர் கேட்ட ஆசை அதிலேயே பாதி போய்விடும். மீதிக்கு வெட்டிவேர் நாற்று இருக்கிறது. அவருடைய மதிலின் உள்பக்கத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். நீங்கள் கொடுக்காமலே அங்கே ஒன்றிரண்டு முளைத்திருக்கலாம்.