உப்புக்கறைக்கு ஆசிட்டா, பிளீச்சிங் பவுடரா?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் வீடு. முழுக்க போர் தண்ணீர்தான். பாத்ரூம் டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளையாக உப்பு படிகிறது. தெருவில் வண்டியில் வருபவரிடம் ஆசிட் வாங்கி ஊற்றினேன், கறை போனது. மிச்சத்தைத் திண்ணை மொசைக்கில் ஊற்றியதில் அது சொரசொரப்பாகிவிட்டது. அடுத்த முறை பிளீச்சிங் பவுடரையும் கலந்து ஊற்றச் சொல்கிறார். கலக்கலாமா? எதற்கு எதை வாங்குவது?

பதில்: கலக்கவே கூடாதுங்க. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் மூச்சடைத்துப் போகும்; ஆஸ்துமா இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. கழிவறைக்கென்று விற்கும் திரவங்களிலும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. அதை ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரைத் தூவினாலும் இதே கதைதான்.

உங்கள் கறை, போர் தண்ணீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு. தண்ணீர் காயக் காயக் கல்லாக ஒட்டிக்கொள்கிறது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இதைக் கரைப்பது அமிலம் மட்டுமே. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், பாசியைப் போக்கும். ஆனால் அதுவே நீற்றிய சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்தது. அது எப்படிச் சுண்ணாம்பைக் கரைக்கும்? பினாயிலும் கரைக்காது. அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பு, விடாப்பிடியாக இருந்தால் சலவை சோடா. அவ்வளவுதான்.

அமிலம் என்றதும் மறுபடி வண்டிக்காரரைத் தேடாதீர்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி போதும். முதலில் டைல்ஸை வெறும் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். இடையில் இருக்கும் சிமென்ட் கோடு அமிலத்தை உறிஞ்சாமல் இருக்கத்தான் இது. பிறகு இந்தக் கரைசலைத் தடவி, 10 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். குழாயில் துணியை நனைத்துச் சுற்றிவையுங்கள். ஆசிட் மாதிரி பொங்கிக்கொண்டு போகாது, கெட்டிக் கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகும். ஆனால் குழாயின் பளபளப்பு தப்பிக்கும். இதோடு ஆப்ப சோடாவைச் சேர்த்து நுரை காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ஒன்றை ஒன்று முறித்துவிடும், நுரைதான் மிச்சம்.

சரி, மொசைக் ஏன் கெட்டது? அதில் இருப்பது சிமென்டும் பளிங்குச் சில்லும். இரண்டுமே அமிலத்துக்கு இரை. இந்த இடத்தில் கடப்பாக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சமையல் மேடை, அலமாரித் தட்டு, துவைக்கிற கல் என்று எங்கும் அதுதான். கறுப்பாக இருப்பதால் கிரானைட் என்று நினைத்துவிடுகிறார்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல். லெமன் சால்ட்டும் ஆகாது, எலுமிச்சைத் தோலால் தேய்ப்பதும் ஆகாது, புளி கரைத்த தண்ணீர் சிந்தினால்கூட உடனே துடைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கினால் கடப்பாக்கல், இல்லாவிட்டால் கிரானைட். கடப்பாக்கல்லுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் மட்டும்தான்.

வண்டி ஆசிட்டுக்கு வருகிறேன். ஆசிட் வாங்குபவரின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருந்தால் விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. இங்கே ஒலிபெருக்கி கட்டி, பழைய குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள், அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளை கையில். யார் கேட்கிறார்கள்? பாட்டிலில் லேபிள் கிடையாது, எவ்வளவு வீரியம் என்று விற்பவருக்கே தெரியாது, குழந்தை தண்ணீர் என்று எடுத்துக் குடித்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்காது. (வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) வீட்டில் மிச்சம் இருந்தால் பூட்டிவையுங்கள்.

மொசைக்கில் போன வழவழப்பை எந்தத் திரவமும் திருப்பித் தராது. மெஷின் வைத்து பாலிஷ் போட வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வருகிற ஆள் "முதல்ல ஒரு ஆசிட் வாஷ் பண்ணிடலாமுங்க" என்று ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.